ஒத்தையடிப் பாதையில ரெண்டு பேர்

வாங்க தம்பி, உள்ள வாங்க. ஷூவைக் கழட்டாதீங்க, தரை சில்லுனு இருக்கும். சைக்கிள் பாக்கத்தான வந்தீங்க? காட்டறேன், காட்டறேன். அது எங்கயும் ஓடிப் போயிராது, ஒருத்தர் ஏறி மிதிச்சாத்தான ஓடும். கோயமுத்தூர்ல இருந்து அத்தனை வளைவு ஏறிக் கோத்தகிரிக்கு வந்த மனுசனுக்கு ஒரு டீகூடக் கொடுக்காம வண்டியைக் காட்டி அனுப்பினா, நாளைக்கு நீங்களே என்ன நினைப்பீங்க. உக்காருங்க.

விளம்பரத்துல நம்பர் போட்டிருந்தது எம் பொண்ணோடதுங்க. சுபாஷினி. பெங்களூர்ல இருக்கு. வண்டி அவ ஊட்டுக்காரரோடது, நவநீதன்னு பேரு, கம்ப்யூட்டர் வேலை. நான் அவருக்கு மாமனார். சென்னியப்பன். தேயிலைத் தோட்டத்துல முப்பத்தோரு வருசம் சூப்பர்வைசர். அம்பது அறுபது பேரு கொழுந்து பறிச்சாங்கன்னா, அத்தனை பேர் முதுகுக்குப் பின்னாலயும் நான் நிப்பேன். ஒருத்தரு முத்தின இலையைக் கிள்ளிற முடியாது. அப்படி வேலை பாத்தவன்.

உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. மொத ஆளு வந்ததும் வராததுமா டயரைக் காலால உதைச்சாரு. வண்டியை உதைக்கிறவருக்கு நான் எப்படிக் கொடுப்பேன், நீங்களே சொல்லுங்க. ரெண்டாவது ஆளு அவரோட பையனுக்குன்னாரு, பையன் வரவே இல்லை. மூணாவது ஆளு நல்லவருதான், ஆனா ராகு காலத்துல வந்துட்டாரு. நீங்க பரவாயில்லைங்க. பொறுமையா உக்காந்திருக்கீங்க. டீயில சர்க்கரை போதுங்களா?

கல்யாணம் ஆயிடுச்சுங்களா தம்பி? ஆயிடுச்சா. மாமனார் இருக்காரா? என்ன பண்றாரு? ரிட்டயரா? அட, அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. அவருக்கும் பொழுது போகும். இல்லைங்களா? என்னமோ சொல்ல வந்தீங்க. சரி சரி, டீயைக் குடிங்க.

இந்த வண்டி கதையைச் சொல்லாம இதைக் கொடுக்கிறது தப்புங்க. ஒரு மாட்டை வித்தாக்கூட அது உதைக்குமா உதைக்காதான்னு சொல்லித்தான விப்போம்.

ஊட்டுக்காரி ருக்மணி போய் நாலு வருசம் ஆச்சு. அவ போனதும் பொண்ணும் மாப்பிள்ளையும் இங்கயே வந்துட்டாங்க. மாப்பிள்ளைக்கு வேலை வீட்டுல இருந்தே. அதோ, அந்த ரூமுதான். காலையில எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினா ராத்திரி வரைக்கும் இங்கிலீசுலதான் பேச்சு. நான் நடுநடுவுல கதவைத் திறந்து டீ வேணுமா, வடை வேணுமா, ஜன்னலைச் சாத்தட்டுமான்னு கேப்பேன். ஒரு நாளைக்கு ஒரு பத்துத் தடவை கேப்பேன்னு வைங்களேன். ஒரு நாளாவது முகம் சுளிச்சதில்லீங்க. "வேண்டாம் மாமா, தேங்க்ஸ் மாமா." அப்படி ஒரு மரியாதை. எங்க பக்கத்துல மாப்பிள்ளை மாமனாரை எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு, அதுலயும் இவரு தங்கம். எனக்கு மகன் இல்லாத குறையே தெரியலை.

ஞாயித்துக்கிழமை மட்டும் ஆளைக் காணோம்.

காலையில ஆறு மணிக்குச் சைக்கிளை எடுத்துட்டுப் போவாரு, ஒம்பது மணிக்கு வருவாரு. சட்டை பேண்ட் பூராச் சேறு. முகத்துல ஒரு சிரிப்பு. வாரம் பூரா இல்லாத சிரிப்புங்க. பொண்ணைக் கட்டிக் கொடுத்தவன் அந்தச் சிரிப்பைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? சுபாகிட்டக் கேட்டேன். அவ, "காட்டுல சைக்கிள் ஓட்டறாருப்பா, விடுங்க"ன்னா. காட்டுல சைக்கிள் ஓட்டறதுக்கு எதுக்குச் சிரிப்பு? மூணு வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் ஸ்கூட்டரை எடுத்துட்டுப் பின்னாலயே போனேன்.

நம்ம தோட்டத்துக்கு மேல, சோலையை ஒட்டி ஒரு பாதை இருக்குங்க. வெள்ளைக்காரன் காலத்துல குதிரை போன பாதை. ஒத்தையடிப் பாதைதான், ரெண்டு பேரு சேர்ந்தாப்புல நடக்க முடியாது. இந்தப் பக்கம் சோலை, அந்தப் பக்கம் எறக்கம். பாதை ஓரமா அந்த வெள்ளைக்காரன் கொண்டாந்து நட்ட மரம் ஒரு நாப்பது அம்பது நிக்குது. பேரு மாப்பிள்ளைக்குத் தெரியும், என் வாயில நுழையாது. இந்த ஊர்ல வருசம் பூராப் பச்சைதானுங்களே, அந்த மரங்க மட்டும் புரட்டாசி வந்தா மஞ்சளாகி, செவந்து, இலையா கொட்டும். பாதையே தெரியாது. நான் முப்பத்தோரு வருசம் அதுக்குக் கீழதான் நின்னேன். ஒரு நாளும் ஏறிப் போய்ப் பாத்ததில்லை, பறிக்க அங்க ஒண்ணும் இல்லையே.

ஸ்கூட்டரை நிறுத்திட்டு நடந்து போனேன். ஓடைப் பக்கத்துல ஒரு பாறை. அதுமேல மாப்பிள்ளை உக்காந்திருக்காரு. தனியா. கையில போன்கூட இல்லீங்க. சும்மா உக்காந்திருக்காரு. நான் ஒரு கால் மணி நேரம் மரத்துக்குப் பின்னால நின்னு பாத்தேன். யாராவது வருவாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் வரலை. எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு. ஐயோ பாவம், இந்த மனுசனுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளே இல்லையா, இப்படிக் காட்டுல வந்து உக்காந்திருக்காரேன்னு. "என்ன மாப்பிள்ளை"ன்னு தோள்ல கையை வச்சேன். அப்படியே துள்ளி எந்திரிச்சாரு.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவரை இனி தனியா விடக் கூடாதுன்னு.

அடுத்த வாரமே கோயமுத்தூர் போய் ஒரு சைக்கிள் வாங்கினேன். அறுவத்தொரு வயசுல, தம்பி. கடைக்காரன் உங்க பேரனுக்கான்னு கேட்டான். எனக்குத்தான்னேன். ஹெல்மெட்டு, முழங்கால் கட்டு, கை உறை எல்லாம் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை அஞ்சே முக்காலுக்கு வாசல்ல தயாரா நிக்கறேன். கதவைத் திறந்த மாப்பிள்ளை என்னைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு. அவ்வளவு சந்தோசம். அப்புறம், "பாத்து வாங்க மாமா"ன்னாரு.

அன்னிக்கு ஒரு நாள் நல்லா இருந்துச்சுங்க. அதை நான் சொல்லியே ஆகணும். எனக்காக மெதுவா போனாரு. வேரு வந்தா நின்னு காட்டிக் கொடுத்தாரு. "வேரைப் பாக்காதீங்க மாமா, பாத்தீங்கன்னா வண்டி அதுமேலயே போகும். நீங்க எங்க போகணுமோ அங்க பாருங்க" அப்படின்னாரு. நான் எங்க பாக்கிறது? அவரு முதுகைத்தான் பாத்தேன். ஓடையைத் தாண்டினதும் ஒரு நீள எறக்கம். பெடலே மிதிக்க வேண்டாம், வண்டி தானா உருளும். கீழ பூராச் செவந்த இலை, டயருக்கு அடியில சரசரன்னு ஒரே சத்தம், மேல இருந்தும் இலை விழுந்துட்டே இருக்கு, மூஞ்சியில குளிர் அடிக்குது. நான் என்னையும் மீறிக் கத்திட்டேன். சின்னப் பையன் மாதிரி கத்தினேன். முன்னால போன மாப்பிள்ளை திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு பாருங்க. அந்த ஞாயித்துக்கிழமைச் சிரிப்பு. அன்னிக்கு எனக்காகவே சிரிச்சாரு.

அதோட நிறுத்தியிருக்கலாம்னு எம் பொண்ணு சொல்லும். எதை நிறுத்தறது? நல்லா இருக்கிற ஒண்ணை இன்னும் நல்லாப் பண்றதுதான நம்ம வேலை.

மொதல்ல அந்த இலை. பாக்க அழகுதான், ஆனா வழுக்குமே. அடியில கல்லு இருக்கா குழி இருக்கான்னே தெரியாது. தோட்டத்துல ராசம்மான்னு ஒரு பொம்பளை, எங்கிட்ட இருபது வருசம் வேலை பாத்தவ. அவளையும் இன்னும் ரெண்டு பேரையும் சனிக்கிழமை வரச் சொல்லிச் சீமாறைக் கொடுத்தேன். பாதை பூராக் கூட்டச் சொன்னேன். ராசம்மா இடுப்புல கையை வச்சுட்டு, "ஏனுங்கய்யா, காட்டை எதுக்குங்க கூட்டறது?"ன்னு கேட்டா. படிப்பறிவு இல்லாதவ, அவளுக்கு என்ன தெரியும். சாயங்காலம் பாத்தா நம்ம வீட்டு வாசல் மாதிரி இருக்கு பாதை. கோலம் போடாத குறைதான்.

ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை அங்க வந்ததும் பிரேக் போட்டு நின்னாரு. காலை ஊனிட்டு அப்படியே பாத்துட்டே இருந்தாரு. "யாரு மாமா கூட்டினது?"ன்னாரு. நான்தான் ஆள் வச்சேன்னு சொன்னேன். பெடல்ல காலை வச்சுட்டு, "நல்லா இருக்குங்க மாமா"ன்னாரு. அவரு வாயாலயே சொன்னாருங்க. அதனால வாராவாரம் கூட்டினோம்.

அப்புறம் அந்தப் பெரிய எறக்கத்துக்கு நடுவுல ஒரு வேரு, படிக்கட்டு மாதிரி. அதுல மாப்பிள்ளை வண்டியோட ஒரு தாவு தாவி இறங்குவாரு. நான் கண்ணை மூடிக்குவேன். எம் பொண்ணோட தாலி அந்த வேருலயா தொங்கணும்? ஆள் வச்சு வெட்டிட்டு, மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கிச் சமன் பண்ணிட்டேன். அடுத்த வாரம் அதுமேல அவரு சும்மா உருண்டு போனாரு. "ரோடு மாதிரி ஆயிடுச்சுங்க மாமா"ன்னாரு. பாராட்டுன்னா அது பாராட்டு, சுருக்கமா, மனசுல இருந்து வர்றது.

காட்டெருமை வந்திருமேன்னு ஒரு விசிலு வாங்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். வளைவுக்கு வளைவு ஊதுவேன். பாறையில உக்காரும்போது அவருக்குப் போரடிக்கக் கூடாதுன்னு தோட்டத்துக் கதையெல்லாம் சொல்லுவேன். முப்பத்தோரு வருசக் கதை இருக்கே. சாப்பிட இட்லி கட்டிட்டுப் போவேன். அவரு ஓடையவே பாத்துட்டு உம் கொட்டிட்டு இருப்பாரு.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, மாப்பிள்ளைக்கு ஞாபக மறதி வந்துருச்சுங்க. ஆறு மணின்னு சொல்லுவாரு, அஞ்சு மணிக்கே கிளம்பிருவாரு. ஒரு வாரம் ஞாயித்துக்கிழமைக்குப் பதிலா சனிக்கிழமை போயிட்டாரு. "உங்களை எழுப்ப மனசு வரலீங்க மாமா"ன்னாரு. நம்ம தூக்கத்து மேல அவ்வளவு அக்கறை. அதுக்கப்புறம் அவருக்கு அந்தச் சங்கடம் வேண்டாம்னு நான் ஷூ போட்டுட்டே படுத்துக்குவேன்.

பிஸ்கட் எடுத்துக்குங்க தம்பி. வாட்சைப் பாக்காதீங்க, சாயங்காலம் வரைக்கும் பஸ் இருக்கு. இப்பத்தான் முக்கியமான இடத்துக்கே வந்திருக்கேன்.

இப்படியே ஒரு வருசம் ஓடுச்சு, போன வருச ஆயுத பூஜை வந்துச்சு. அன்னிக்கு ரெண்டு சைக்கிளையும் கழுவித் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஹேண்டில் பாருக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, பொரி கடலை படைச்சுப் பூஜை போட்டோம். மாப்பிள்ளையும் வேட்டி கட்டிட்டு வந்து நின்னாரு. பூசணிக்காயைச் சுத்தி வாசல்ல உடைச்சோம். எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டுங்க. மத்தவங்க பூசணிக்காயில ஓட்டை போட்டுக் குங்குமத்தோட காசைச் சும்மா போடுவாங்க. ருக்மணி அப்படிப் போட விடமாட்டா. சின்ன மஞ்சத் துணியில காசை வச்சு மூணு முடிச்சுப் போட்டுத்தான் உள்ள விடுவா. அவ போனப்புறமும் நான் அதை விடலை. மாப்பிள்ளை பக்கத்துல நின்னு, இது எதுக்கு மாமான்னு கேட்டாரு. அத்தையோட பழக்கம்னேன். இந்தப் பக்கத்துலயே நம்ம வீட்டுல மட்டும்தான்னேன்.

பூஜை முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தாச்சு. எனக்கு மனசு கேக்கலை. வாசல்ல உடைச்சது வீட்டுக்கு. வண்டி ஓடற பாதைக்கு யாரு உடைக்கிறது? அவரு வாராவாரம் போற இடம் அதுதான? அந்த எறக்கம் முடியற இடத்துல ஒரு வளைவு இருக்கு, ஒரு பக்கம் பள்ளம். எனக்கு அந்த வளைவு மேல எப்பவுமே ஒரு பயம். இன்னொரு பூசணிக்காய் வாங்கி வச்சிருந்தேன். அதே மாதிரி மஞ்சத் துணி முடிஞ்சு உள்ள போட்டு, நான் மட்டும் போய், எம் மாப்பிள்ளைக்கு ஒரு கீறல் வரக் கூடாதுன்னு மூணு சுத்துச் சுத்தி, சரியா அந்த வளைவுல போட்டு உடைச்சேன். கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க எனக்கு.

அன்னிக்குப் புதன்கிழமை, ராசம்மா கூட்ட வர்றது சனிக்கிழமைதான. ராத்திரி காத்து. இலை பூரா விழுந்து மூடிருச்சு.

மறுநாள் விஜயதசமி. வியாழக்கிழமைங்க. வியாழக்கிழமை அவரு போவாருன்னு யாருக்குத் தெரியும்? விடியறதுக்கு முன்னால, கதவுச் சத்தம்கூடக் கேக்காம, வண்டியைத் தோள்ல தூக்கிட்டுப் போயிருக்காரு. நான் ஷூவோடதான் படுத்திருந்தேன், எனக்கே கேக்கலை.

ஆமாங்க. அதேதான். அதே வளைவு. கொழுந்து பறிக்க வந்தவங்க பாத்துட்டு ஓடி வந்து சொன்னாங்க. காறை எலும்பு முறிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு தம்பி, டாக்டரே சொன்னாரு, ரெண்டடி தள்ளி விழுந்திருந்தா பள்ளம், ஆளே மிஞ்சியிருக்க மாட்டாருன்னு. எதுனால தப்பிச்சாரு? நான் சுத்தி உடைச்சதுனாலதான். உடைக்காம இருந்திருந்தா உசுருக்கே ஆபத்தாயிருக்கும். இதை நான் இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிக் காட்டினதில்லை.

ஆஸ்பத்திரியில சுபா ஒரே அழுகை. "எவன்ப்பா காட்டுக்குள்ள போய்ப் பூசணிக்காய் உடைச்சான்?"ன்னு கேக்கறா. நான் சத்தம் போட்டேன். எவனா இருந்தாலும் விடமாட்டேன், எஸ்டேட் ஆபீசுல எழுதிக் கொடுக்கிறேன், தோட்டத்துப் பயலுக வேலையாத்தான் இருக்கும்னு குதிச்சேன். நர்சு வந்து அடக்கிட்டுப் போச்சு. மாப்பிள்ளை கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. என்னையே பாத்துட்டு இருக்காரு.

சுபா கஞ்சி வாங்கக் கீழ போனதும், "மாமா, பக்கத்துல வாங்க"ன்னாரு. போனேன். இடது கையைத் திறந்தாரு. உள்ளங்கையில மஞ்சத் துணி. மூணு முடிச்சு. குங்குமம் ஊறிப் போய் இருக்கு.

விழுந்து கிடந்த இடத்துல எடுத்திருக்காருங்க. அந்த வலியிலயும், ஆஸ்பத்திரி வரைக்கும் கைக்குள்ளயே மூடி வச்சிருக்காரு.

எனக்கு அந்த இடத்துலயே செத்துரலாம் போல இருந்துச்சு. அவரு அதை என் கையில வச்சு விரலை மூடினாரு. "பத்திரமா வைங்க மாமா. அடுத்த வருசத்துக்கு ஆகும்." அவ்வளவுதான் சொன்னாரு. சுபா வந்ததும், கஞ்சி சூடா இருக்கான்னு கேட்டாரு. அவகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலைங்க. பெரிய மனசு.

பாருங்க, சட்டைப் பையிலயே வச்சிருக்கேன். இதுதான். நீங்க தொடலாம், பரவாயில்லை. அடுத்த வருசத்துக்கு ஆகும்னு சொல்லியிருக்காரு பாத்தீங்களா? அடுத்த வருசமும் நாம சேர்ந்து பூஜை போடணும்னு அர்த்தம். அப்படி ஒரு வலியில படுத்துக்கிட்டு, அடுத்த வருசப் பூஜையை நினைக்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பாரு?

தை பொறந்ததும் பெங்களூர் போயிட்டாங்க. ஆபீசுக்கு வந்தே ஆகணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்களாம். சைக்கிள் மட்டும் இங்கயே நின்னுருச்சு. எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளைன்னேன். "இருக்கட்டும் மாமா, அங்க காடு இல்லை"ன்னாரு. சரிதான, அந்த ஊர்ல எங்க காடு? திரும்பி வரும்போது ஓட்டறதுக்குத்தான் விட்டுட்டுப் போறாருன்னு எனக்குத் தெரியாதா. பொண்ணுக்குத்தான் புரியலை, வித்துருங்க வித்துருங்கன்னு விளம்பரம் கொடுத்துருச்சு.

அவங்க போனதும் ஒரு நாள் நான் மட்டும் அந்தப் பாறைக்குப் போனேன். அவரு உக்கார்ற மாதிரியே உக்காந்தேன். போனை வீட்டுலயே வச்சுட்டு. அங்க என்ன இருக்குங்க? ஓடைத் தண்ணி போகுது. ஒரு குருவி கத்துது. ஒருத்தரும் இல்லை. ரெண்டு நிமிசம் இருந்திருப்பேன், வீட்டுல ருக்மணி இல்லைங்கிறதெல்லாம் ஞாபகம் வந்து மேல விழுந்துச்சு. எந்திரிச்சு வந்துட்டேன். ஒண்ணுமே இல்லாத ஒரு இடத்துக்காகவா ஒரு மனுசன் வியாழக்கிழமை விடியக்காத்தால வண்டியைத் தோள்ல தூக்கிட்டுப் போவான்? இன்னும் எனக்கு விளங்கலை.

அதனாலதான் தம்பி, நான் நேரடியாவே சொல்லிர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டியை இப்பக் கொடுக்கிறதுக்கில்லை. இன்னும் பத்து நாள்ல ஆயுத பூஜை. மாப்பிள்ளை வருவாரு. காசு முடிச்சை எங்கிட்டக் கொடுத்து வச்சிருக்காரே, வராமயா இருப்பாரு? வந்து பாத்தா வண்டி இல்லைன்னா எப்படி இருக்கும்? பூஜை முடியட்டும், அப்புறம் நீங்க...

இருங்க, போன் அடிக்குது. பொண்ணுதான். ஒரு நிமிசம்.

சொல்லு கண்ணு. ஆமா, வந்தாரு. கோயமுத்தூர்காரரு. நல்ல பையன்தான். ஆனா அவருக்குப் பிடிக்கலையாம் கண்ணு. உயரம் ஒத்து வரலைன்னுட்டாரு. இப்பத்தான் போனாரு, பஸ்ஸைப் பிடிக்கணும்னு.

நீங்க இருங்க தம்பி, இருங்க. சும்மா சொன்னேன்.

இல்ல, டிவி சத்தம். மாப்பிள்ளை எங்க? ஞாயித்துக்கிழமையும் ஆபீசா? வெளிய போயிருக்காரா. எங்க? ஏன் கண்ணு பேச மாட்டேங்கற? எங்க போனாருன்னுதான கேட்டேன்.

சைக்கிளா. யாரோட சைக்கிள்?

புதுசா. எப்ப வாங்கினாரு? ஆடி மாசத்துலயா? ஆடியில போய் யாராவது வண்டி வாங்குவாங்களா. சரி. பூஜை போட்டீங்களா? போடலையா. பூசணிக்காய்... உடைக்கலையா. ம். விழுகலையே எங்கயும்? விழுகவே இல்லையா. சந்தோசம் கண்ணு.

அங்க ஏது காடு? ஓ. ஊருக்கு வெளிய. ஒரு மணி நேரமா. அப்பக் காடு இருக்கு.

எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரா?

இல்லையே, நான் ஒண்ணும் நினைக்கலை. இதுல நினைக்க என்ன இருக்கு. நீ எதுக்கு அழுகற? அழுகாத கண்ணு. நானும் அழுகலை. சளி. இங்க குளிர் ஆரம்பிச்சுருச்சு. பூஜைக்கு... இல்ல, ஒண்ணுமில்லை. வேலை இருக்கும், வர வேண்டாம். நான் பாத்துக்கறேன். அவருகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாத. வச்சர்றேன் கண்ணு.

...

டீ ஆறிப் போச்சா தம்பி? வேற போடட்டுமா?

வேண்டாமா. சரி.

வாங்க, பின்னால ஷெட்டுலதான் இருக்கு. இதுதான். அந்தச் சந்தனம் குங்குமம் இன்னும் அப்படியே இருக்கு பாருங்க, நான் தொடைக்கவே இல்லை. டயர்ல காஞ்சு ஒட்டியிருக்கிறது சேறு இல்லீங்க, பூசணி விதை. தண்ணி ஊத்தினாப் போயிரும். மத்தபடி வண்டியில ஒரு குறையும் கிடையாது. பிரேக் அருமையாப் பிடிக்கும். உயரமும் உங்களுக்குச் சரியாத்தான் இருக்கு, ஏறி உக்காந்து பாருங்க. பாத்தீங்களா, அளவெடுத்தாப்புல இருக்கு.

எடுத்துட்டுப் போங்க. நிஜமாத்தான் சொல்றேன், எடுத்துட்டுப் போங்க. பணம் பொண்ணு நம்பருக்கே போட்டுருங்க. எலுமிச்சம்பழம் ஒண்ணு டயருக்கு அடியில வச்சு அனுப்பலாம்னு எடுத்து வச்சேன், வேண்டாம் விடுங்க. இந்த முடிச்சு எங்கிட்டயே இருக்கட்டும், இதுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை.

வாசல் கேட்டு வரைக்கும் வரேன். இல்லைங்க, கேட்டு வரைக்கும்தான்.

ஒண்ணே ஒண்ணு தம்பி. இதை எடுத்துட்டுப் போய் எந்தக் காட்டுல ஓட்டப் போறீங்க, என்னிக்குப் போறீங்க, எத்தனை மணிக்குப் போறீங்க, அதை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க. உங்க மாமனார்கிட்டயும் சொல்லாதீங்க. என் வண்டி அங்க சும்மாத்தான் நிக்குது. சொன்னீங்கன்னா நான் வந்துருவேன்.